மலைச்சரிவில் வீடு கட்ட: ஆள், வண்டி, சரக்கு மூன்றையும் கணக்கிட்டு வேலை அட்டவணை போடும் முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஒரு மேஸ்திரி எட்டு மாதம் கேட்டால், அதே மேஸ்திரி கோத்தகிரியில் பன்னிரண்டு கேட்பார். ஏன் நான்கு மாதம் கூடுதல் என்றால் "மலையில்ல, அப்படித்தான்" என்பார். அந்த நான்கு மாதம் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அட்டவணை போட முடியும். கொஞ்சம் மழையில் போகிறது, கொஞ்சம் குளிரில் கான்கிரீட் இறுகக் காத்திருப்பதில் போகிறது. பெரும்பகுதி சரக்கை ரோட்டிலிருந்து மனைக்குத் தூக்குவதில் போகிறது. அதனால் எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று கணக்கிடுவதற்கு முன், எத்தனை டன் சரக்கு, எந்த வண்டியில், எந்த மாதத்தில் மேலே ஏறும் என்று கணக்கிட வேண்டும். தேதிகள் அதற்குப் பிறகுதான்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்திருப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவு மனை. 1000 சதுர அடி, தரைத்தளம் மட்டும், 6 அங்குல சாலிட் பிளாக் சுவர், மேலே கான்கிரீட் கூரை. ரோட்டிலிருந்து 60 மீட்டர் படிக்கட்டுப் பாதை. அளவுகளை உங்கள் வரைபடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை கொடைக்கானல் மலைக்கும் இதேதான்.

முதலில் காலண்டர்: உங்கள் மனை மலையின் எந்தப் பக்கம்?

நீலகிரி ஒரே மாவட்டம், ஆனால் மழைக் காலண்டர் இரண்டு. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெளிவேலையே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் பாதி வரை அதன் பிடி. 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் பல இடங்களில் அறுந்தன. ஊட்டி நடுவில் நின்று இரண்டு மழையிலும் நனையும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமழை. ஏப்ரல், மேயில் மதியத்துக்கு மேல் இடி மழை.

சமவெளியில் மாதத்துக்கு 26 வேலை நாள் என்று போடுவது பழக்கம். கோத்தகிரிப் பக்கம் திட்டமிட எடுத்துக்கொள்ளத் தக்க கணக்கு இது: ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் 22 அல்லது 23. ஏப்ரல், மேயில் 18. ஜூன் முதல் செப்டம்பர் வரை 18 முதல் 20. அக்டோபர், நவம்பரில் வெளிவேலைக்கு 10 கிடைத்தால் லாபம். கூடலூர்க்காரர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்கும் அக்டோபர், நவம்பருக்கும் போட்ட எண்களை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இதன் மேல் ஆட்களின் காலண்டரைப் பதியுங்கள். பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் சமவெளி ஆட்கள் இருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு அவர்கள் போய்வந்த கையோடு பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் சட் பூஜைக்குக் கிளம்புவார்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அது. போனால் திரும்ப மூன்று வாரம். ஹோலிக்கும் இதே கதை. டிசம்பர் கடைசி, ஜனவரி முதலில் ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் படகர் ஊர்களில் வேலை நிற்கும். ஏப்ரலில் ஊட்டி, குன்னூர் மாரியம்மன் கோயில் திருவிழாக்கள். தேயிலை நன்றாகத் துளிர்க்கும் மாதங்களில் சித்தாள் கிடைப்பது குறையும், ஏனென்றால் இலை பறிக்கும் கூலி வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். கேரட் அறுவடை சூடுபிடித்தால் பெரியாட்களும் அந்தப் பக்கம் போவார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே தெரிந்த விஷயம், அட்டவணையில் எழுதாமல் விட்டதுதான் குறை.

மூன்றாவது, சாலைக் காலண்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற பர்லியார், குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி இன்னொன்று. மே மாத சீசனில் குன்னூர் வழி ஏறி கோத்தகிரி வழி இறங்கச் சொல்லி ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டரில் வரவேண்டிய டிப்பர் அப்போது குன்னூரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கனரக வண்டிகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு நடை வந்த வண்டி ஒரு நடை வரும். வாடகை ஏறும், டிரைவர் வரவே யோசிப்பார். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் உண்டு. ஒன்றில் மண் சரிந்தால் மற்றதில் நெரிசல். ஆகவே மணல், ஜல்லி, பிளாக் மூன்றும் ஏப்ரல் 20-க்குள் மேலே வந்துவிட வேண்டும். கோத்தகிரிப் பக்க அட்டவணையில் அசையாத தேதி இது ஒன்றுதான்.

சுமைக் கணக்கு

ஆயிரம் சதுர அடிக்கு வழக்கமான தோராயம்: சிமெண்ட் 400 முதல் 420 மூட்டை, கம்பி 4 டன்னுக்குச் சற்றுக் குறைவு, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 18 யூனிட், ஜல்லி 13 முதல் 14 யூனிட், 6 அங்குல பிளாக் 1850. தடுப்புச்சுவர்க் கல் இதில் சேராது.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் 4.5 டன். ஆறு சக்கர டிப்பரில் கொண்டை ஊசி வளைவுகளில் பத்திரமாக ஏற்றத்தக்கது இரண்டு யூனிட். மணலும் ஜல்லியும் சேர்ந்து 32 யூனிட் என்றால் 16 நடை. டிப்பர் மனை வரை வந்தால் கணக்கு இத்துடன் முடிந்தது.

பல ஊர்களில் டிப்பர் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒன்றரை டன் பிக்கப்பில் மாற்ற வேண்டும். யூனிட்டுக்கு மூன்று நடை வீதம் 96 நடை. சிமெண்ட் 420 மூட்டை 21 டன், அதற்கு 14 நடை. பிக்கப் நாளுக்கு எட்டு நடை அடித்தாலும் இரண்டு வாரம் அதற்கே போகிறது. வீடு கட்ட மனை வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, "ரோட்டில் டிப்பர் திரும்ப இடம் இருக்கிறதா?" என்பதுதான்.

பிக்கப் நின்ற இடத்திலிருந்து 60 மீட்டர் படியில் தலைச்சுமை. ஒரு சட்டியில் 25 முதல் 30 கிலோ. போக வர நான்கைந்து நிமிடம், மூச்சு வாங்கும் நேரமும் சேர்த்து மணிக்குப் பன்னிரண்டு நடை. ஆறரை மணி நேரம் உண்மையான சுமை வேலை என்றால் ஒரு ஆள் நாளுக்கு சுமார் 2 டன் ஏற்றுவார். ஒரு யூனிட்டுக்கு இரண்டேகால் ஆள். 32 யூனிட்டுக்கு 72 ஆள்கூலி, இன்னும் ஒரு சுவர்கூட எழவில்லை. இந்த 72 ஆட்களை 'சித்தாள்' கணக்கில் கலந்துவிடுவதால்தான் பல அட்டவணைகள் இரண்டாவது மாதமே சாய்கின்றன. கொத்தனாருக்குச் சாந்து கொடுக்க வேண்டிய ஆள் மணல் தூக்கப் போய்விடுவார், கொத்தனார் பீடி பற்றவைத்து உட்கார்ந்திருப்பார். சுமைக்குத் தனி செட், தனிக் கூலி, முடிந்தால் யூனிட் ரேட்டு. கட்டுவேலை ஆட்களை அதில் தொடாதீர்கள்.

ஒரு மாற்றுவழி உண்டு. ரோடு மேலேயும் மனை கீழேயும் இருந்தால் தகரச் சரிவுக் குழாய் வைத்து மணலையும் ஜல்லியையும் இறக்கிவிடலாம். ஜல்லி கீழே தெறிக்கும், பலகைத் தடுப்பு வேண்டும். சுமைக்கூலி பெரும்பாலும் மிச்சம். மனை மேலே, ரோடு கீழே என்றால் குறுக்குவழி கிடையாது.

வேலை நாள் கணக்கு

சூத்திரம் எளிது: வேலையின் அளவை, ஒரு செட் ஒரு நாளில் செய்யும் அளவால் வகுக்க வேண்டும். வருவதைச் செட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேலை நாள். அதை மாத வேலைநாள் விகிதத்தால் நீட்டினால் காலண்டர் நாள். மலையில் திட்டமிடத் தக்க அளவுகள்:

- மண் வெட்டு, ஆள் வைத்து: ஆளுக்கு நாளுக்கு 2.5 கன மீட்டர்
- கருங்கல் கட்டு: ஒரு கல்கொத்தனார், இரண்டு ஆள், 1 கன மீட்டர்
- 6 அங்குல பிளாக்: ஒரு கொத்தனார், இரண்டு ஆள், 100 பிளாக்
- சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை அடிப்பு: இரண்டு பேர், 100 சதுர அடி
- கம்பி வெட்டிக் கட்டுதல்: இரண்டு பேர், 175 கிலோ
- உள்பூச்சு: ஒரு கொத்தனார், 100 சதுர அடி

சமவெளியில் இதைவிடக் கூடுதல் எண்கள் சொல்வார்கள். காலை எட்டரைக்கு முன் விரல் மடங்காத குளிரையும், நான்கு மணிக்கே மூடும் மேகத்தையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எடுத்துக்காட்டு வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மண் வெட்டு 60 கன மீட்டர், 24 ஆள்நாள், நான்கு பேர் வைத்தால் ஆறு நாள். ஆனால் வெட்டிய மண் இளகி 75 கன மீட்டருக்கு மேல் ஆகும், அதை அப்புறப்படுத்த இன்னொரு நான்கு பேர் வேண்டும். எங்கே கொட்டுவது என்பதற்கு முதலிலேயே இடம் பார்த்திருக்க வேண்டும். சரிவில் கீழே தள்ளிவிட்டால் அடுத்த மழையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நிற்பார். நியாயம் அவர் பக்கம்தான். தடுப்புச்சுவர் 12 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், சராசரி 0.7 மீட்டர் கனம், ஆக 17 கன மீட்டர். இரண்டு கல்கொத்தனார் வைத்தால் ஒன்பது வேலை நாள், ஜனவரிக் கணக்கில் பன்னிரண்டு காலண்டர் நாள். பிளாக் 1850, இரண்டு கொத்தனாருக்குப் பத்து நாள், நடுவில் லிண்டல் (கதவு, ஜன்னல் மேலே ஓடும் கட்டை) கான்கிரீட்டுக்கு ஐந்து நாள் நிற்கும். உள்பூச்சு சுவரும் கூரை அடியும் சேர்த்து 4450 சதுர அடி, மூன்று கொத்தனாருக்குப் பதினைந்து நாள்.

இயந்திரம் வருமா?

ஜேசிபி வாடகை கேட்பதற்கு முன் அனுமதியைக் கேளுங்கள். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் அது கிடைக்காது என்றே திட்டமிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கும் இஷ்டப்படி ரிக் ஏற்ற முடியாது. அதனால் கட்டுமானத் தண்ணீருக்குக் கிணறு, ஊற்று அல்லது டேங்கர். கட்டட அனுமதியில் உயர வரம்பு, மனை இருக்கும் இடத்தைப் பொறுத்து ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் என்று தாள்கள் நகர மாதங்கள் ஆகும். அனுமதி கைக்கு வந்த தேதியிலிருந்து அட்டவணையை எண்ணுங்கள். விண்ணப்பித்த தேதியிலிருந்து எண்ணி ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தால் அது திரும்பாது.

ஜேசிபி இரண்டு நாளில் முடிப்பதை எட்டுப் பேர் ஆறு நாளில் முடிப்பார்கள். வித்தியாசம் நான்கே நாள். ஒரு வீட்டுக்கு இது பொருட்டே இல்லை, கூடவே சரிவும் அவ்வளவு அதிராது. செங்குத்தாக முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டக்கூடாது. மூன்று மீட்டர் துண்டாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, வெட்டிய துண்டுக்கு உடனே தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டும். எனவே மண் ஆட்களும் கல்கொத்தனாரும் ஒரே வாரத்தில் மனையில் இருக்க வேண்டும். மண் முடிந்து கல்லுக்குக் காத்திருந்தால், ஜனவரியில்கூட திடீர் மழைக்கு வெட்டிய முகம் சரியும். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. வடிகுழாய், பின்னால் ஜல்லி நிரப்பு. இதற்கான ஜல்லி முதல் லோடிலேயே வரவேண்டும். பலர் கூரைக்கு மட்டும் ஜல்லி கணக்கிட்டு இதை மறந்து, கையில் கிடைத்த மண்ணையே நிரப்பிவிடுகிறார்கள். வடிகுழாய் முதல் மழையிலேயே அடைபடும், சுவர் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் சுவரை வயிறு தள்ள வைக்கும்.

கலவை மெஷின், கான்கிரீட்டை அதிர்த்து அமுக்கும் வைப்ரேட்டர், லிஃப்ட் மெஷின் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். வைப்ரேட்டர் ஊசி மட்டும் இரண்டு கேளுங்கள். கூரை போடும் நாளில் ஊசி மக்கர் பண்ணினால் மேட்டுப்பாளையத்திலிருந்து வேறு வர மூன்று மணி நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை நாள்

முழு அட்டவணையும் இந்த ஒரு நாளைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. 1000 சதுர அடி, 5 அங்குல கனம், பீம்களும் சேர்த்து சுமார் 14.5 கன மீட்டர். 1:1½:3 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்) சிமெண்ட் 116 மூட்டை, எம்-சாண்ட் இரண்டேகால் யூனிட், ஜல்லி நாலேகால் யூனிட், தண்ணீர் கலவைக்கு மட்டும் 2900 லிட்டர். மெஷின் கழுவ, பலகை நனைக்க, சிந்த எல்லாம் சேர்த்து 5000 லிட்டர் முந்தின நாள் மாலையே தொட்டியில் நிற்க வேண்டும்.

ஒரு மூட்டை மெஷின் நன்றாக ஓடினால் மணிக்குப் பதின்மூன்று கலவை. முதல் மணி நேரம் எட்டுக்கு மேல் போகாது. 116 கலவைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். காலை ஏழேகாலுக்கு முதல் கலவை விழுந்தாலும் முடிக்க மாலை ஐந்து. ஜனவரி, பிப்ரவரியில் இது ஓடும். ஏப்ரல், மேயில் இரண்டு மணிக்கே மேகம் இறங்கிவிடும். அந்த மாதங்களில் இரண்டு மெஷின், முப்பதுக்கு மேல் ஆள். இல்லையென்றால் கூரையை இரண்டு நாளாகப் பிரித்து, இணைப்பு எங்கே விழ வேண்டும் என்று என்ஜினீயர் முன்கூட்டியே பலகையில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரவேண்டும். மழை வந்தபின் நின்ற இடத்தில் நிறுத்துவது இணைப்பு ஆகாது, அந்த இடத்தில் அடுத்த வருடம் ஒழுகும்.

ஒரு மெஷினுக்கு ஆள் கணக்கு: மெஷின் டிரைவர் ஒருவர், ஜல்லியும் மணலும் போட ஏழு பேர், சிமெண்ட்டுக்கும் தண்ணீருக்கும் இருவர், மேலே கடத்த ஏழு பேர், பரப்ப மூன்று கொத்தனார், வைப்ரேட்டருக்கு ஒருவர். இவர்களோடு பலகைக்கு அடியில் ஒரு சென்ட்ரிங் ஆள், மேலே ஒரு கம்பி ஆள். கடைசி இருவரையும் மிச்சம் பிடிக்க வேண்டாம். முட்டு ஒன்று நழுவினால் கீழே நிற்பவர்தான் முதலில் பார்ப்பார். மிதித்து அமுங்கிய மேல்கம்பியை நிமிர்த்துவது மேலே நிற்பவர் வேலை.

கான்கிரீட் செட்டை பத்து நாள் முன்பே சொல்லி, ஒரு மாற்றுத் தேதியும் வாங்கி, இரண்டு நாள் முன்பு உறுதி செய்யுங்கள். பலகை அடிப்பு இரண்டு ஜோடிக்கு ஐந்து நாள், கம்பி 1.3 டன்னுக்கு இரண்டு ஜோடி நான்கு நாள், எலக்ட்ரீஷியன் குழாய் பதிக்க ஒரு நாள், என்ஜினீயர் பார்த்துத் திருத்தச் சொன்னால் ஒரு நாள். பலகை பாதி முடிந்ததுமே கம்பி தொடங்கலாம் என்பதால் மொத்தம் ஒன்பது நாள். மூடுபனிக்குக் கம்பி நாலே நாளில் துரு நிறம் காட்டும். மேலோட்டமான துரு பரவாயில்லை, செதில் விட்டால் தேய்க்க வேண்டும். ஆகவே கம்பி கட்டிவிட்டு சிமெண்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சிமெண்ட் முதலில், கம்பி அடுத்து.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கலவை எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மெஷின் என்றால் 55 தாண்டியிருக்க வேண்டும். 45-க்குக் கீழ் என்றால் மாலை வெளிச்சத்துக்குள் முடியாது. அப்போதே குறித்த இணைப்பில் நிறுத்தத் தயாராகுங்கள். சாப்பாட்டுக்கு எல்லோரையும் ஒன்றாக விடாமல் இரண்டு பந்தியாக அனுப்பினால் மெஷின் நிற்காது. தார்பாலின் 1500 சதுர அடிக்குக் குறையாமல் பக்கத்திலேயே இருக்கட்டும். வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும்.

குளிர் தின்னும் நாட்கள்

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி நாலரை மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு (கூரைத் தட்டு) முட்டு 7 நாள், ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். எல்லா மேஸ்திரிக்கும் இது மனப்பாடம். அந்த விதி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கு என்ற வரி மட்டும் மனப்பாடம் இல்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமெண்ட். ஜனவரி இரவில் ஊட்டியில் உறைபனியே விழும், கோத்தகிரியும் 15-க்கு வெகு கீழே போகும். குளிரில் சிமெண்ட்டின் வினை மெதுவாகிறது, கான்கிரீட் கெட்டிபோலத் தெரியும், உள்ளே பலம் ஏறியிருக்காது. கோத்தகிரியில் குளிர்காலக் கூரைக்கு ஸ்லாப் முட்டு 12 நாள், பீம் 21 நாள் என்று போடுங்கள். ஊட்டி, தலைகுந்தா பக்கம் ஸ்லாபுக்கே 14. கான்கிரீட் போடும் நாளில் ஆறு கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) பிடித்து, மனையிலேயே கூரையின் குளிரில் வைத்துச் சோதித்தால் இன்னும் நிச்சயம்.

இதனால் பணக் கணக்கும் மாறும். சென்ட்ரிங் சாமான் வாடகை 15 நாளுக்குப் பேசி, பிறகு தினவாடகை என்பார்கள். வாடகை ஏறுகிறதே என்று ஒன்பதாம் நாள் முட்டு உருவும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு. முதலிலேயே 28 நாளுக்கு ஒட்டுமொத்தமாகப் பேசிவிட்டால் அந்த ஆசை யாருக்கும் வராது.

கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது, பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள். உறைபனி மாதங்களில் மாலையில் தண்ணீர் விடாதீர்கள், காலை பத்து மணிக்கு மேல் விடுங்கள். முதல் மூன்று இரவு சாக்கும் தார்பாலினும் போட்டு மூடுங்கள். மூடுபனி இருக்கிறதே, தானாக நனையும் என்பது பொய் நம்பிக்கை. பிப்ரவரிக் காற்று பகலில் நன்றாக உலர்த்தும்.

கொத்தனாரைப் பிடித்து வைக்கும் வேலைகள்

முட்டு நிற்கும் மூன்று வாரம் உள்ளே யாரும் வேலை செய்ய முடியாது. கொத்தனார் அடுத்த சைட்டுக்குப் போவார், போனவர் அங்கே முடித்துத்தான் வருவார். கூரைக்குப் பிறகு இரண்டு மாதம் வெறுமனே நிற்கும் வீடுகள் மலையில் இவ்வளவு இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பரிகாரம், சில்லறை வேலைகளை வேண்டுமென்றே முன்னால் செய்யாமல் வைத்திருப்பது. செப்டிக் டேங்க் சுவர், வெளிப்படி, காம்பவுண்டு, பாராபெட், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு கொத்தனாருக்குப் பதினைந்து நாள் வேலை. ஆரம்பத்திலேயே ஆர்வக்கோளாறில் செப்டிக் டேங்க்கை முடித்துவிடாதீர்கள். இவற்றில் எதுவும் மற்ற வேலையைத் தடுக்காது, அதனால் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். அட்டவணையில் இவற்றுக்குத் தேதி போடாமல் ஓரத்தில் 'கைவசம்' என்று தனிப் பட்டியலாக எழுதுங்கள். மழை நாளுக்கு வேறொரு கைவசப் பட்டியல்: கம்பி வளையம் வளைப்பது, கதவு நிலைக்கு மரம் இழைப்பது, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் வார்ப்பது. ஷெட் ஒன்று பத்துக்குப் பதினைந்து அடியில் இருந்தால் போதும்.

எத்தனை கொத்தனார் எந்த வாரம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். மூன்றாம் வாரம் இரண்டு, ஐந்தாம் வாரம் ஆறு, ஏழாம் வாரம் பூஜ்யம் என்று வந்தால் அந்த அட்டவணை தாளில் மட்டும்தான் ஓடும். ஆறு பேர் கிடைக்க மாட்டார்கள், பூஜ்ய வாரத்தில் இருப்பவர்களும் போய்விடுவார்கள். கைவச வேலைகளை நகர்த்தி, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்று சமமாக்குங்கள். மொத்தம் பத்து நாள் கூடினாலும் பரவாயில்லை. கல்கொத்தனார், கட்டுக் கொத்தனார், டைல்ஸ் ஆள் மூவரும் வேறு வேறு என்பதையும் மறக்காமல் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

சரக்கை எப்போது இறக்குவது?

மணலும் ஜல்லியும் எவ்வளவு முன்னால் வந்தாலும் கெடாது. இடம்தான் பிரச்சினை. ஏற்றமான இடத்தில் கொட்டி, சுற்றிலும் பிளாக் இரண்டு வரி அடுக்குங்கள், இல்லாவிட்டால் மழை அரைக்கால் யூனிட்டைக் கொண்டுபோகும். பிளாக் 28 நாள் ஆனதாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை பிளாக் பின்னால் சுருங்கி, பூச்சில் முடி வெடிப்பு விடும்.

சிமெண்ட் நேர் எதிர். சாதாரண கிடங்கிலேயே மூன்று மாதத்தில் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பார்கள். மலை ஈரத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகை, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்காமல், மேலே தார்பாலின். அழுத்தினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை கூரைக்கு ஆகாது. ஆக 420 மூட்டையை ஒரே தடவையில் ஏற்றிவிடும் யோசனை வேண்டாம். அடித்தளத்துக்கு ஒன்று, சுவருக்கும் லிண்டலுக்கும் ஒன்று, கூரைக்கு 125, பூச்சுக்கு ஒன்று என்று நான்கு தவணை. கூரைச் சிமெண்ட் மட்டும் நான்கு நாள் முன்னதாக வரட்டும். எந்த நேரமும் பத்து நாள் வேலைக்கான சரக்கு மனையில் இருக்க வேண்டும். அக்டோபர் வந்தால் அது இருபது நாள்.

கோத்தகிரி வீட்டின் அட்டவணை

ஜூலை முதல் டிசம்பர் வரை அனுமதி, வரைபடம், மேஸ்திரி பேச்சு. பொங்கல் முடிந்து ஜனவரி 20-ல் மண் வெட்டும் தடுப்புச்சுவரும் ஒன்றாகத் தொடக்கம், பிப்ரவரி 10-க்குள் முடிவு. அடித்தளமும் பிளிந்த் பீமும் (சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் கட்டை) மார்ச் 10 வரை. ஹோலிக்குப் போகும் ஆட்களை அதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் லிண்டலும் ஏப்ரல் 5 வரை. கூரைக்கும் பூச்சுக்கும் வேண்டிய மணல், ஜல்லி ஏப்ரல் 20-க்குள் மேலே.

கூரைக்கு இப்போது இரண்டு வழி. பலகையும் கம்பியும் ஏப்ரல் 18-க்குள் தயாரானால் இரண்டு மெஷின் வைத்து அந்த வாரமே போட்டுவிடலாம். தவறினால் மே மாத இடி மழையோடு மல்லுக்கட்டாமல் ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளுவதே மேல். இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தூறலோடு போகும், குளிரும் இருக்காது. தள்ளிய மேயில் கைவச வேலை ஓடட்டும். குன்னூர்ப் பக்கமும் இதுவே பொருந்தும். ஊட்டி என்றால் ஜூனை நம்பாதீர்கள், மார்ச்சிலேயே கூரை விழும்படி ஆள் கூட்ட வேண்டும்.

உள்பூச்சு, வயரிங், குழாய், தரை எல்லாம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. வெளிப்பூச்சு செப்டம்பர் 20-க்குள் முடிந்து, கூரையின் மேல்பக்கத்துக்கு நீர்த்தடுப்பு வேலையும் ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் வடகிழக்கு மழை. அக்டோபர், நவம்பரில் மரவேலை, டைல்ஸ், சமையலறை. பெயிண்ட் மட்டும் அவசரப்படாமல் ஜனவரி கடைசிக்கு. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்குக் கொப்புளமாக எழும். மழைக்காலத்தில் பொருத்தும் கதவு ஊறிப் பெருத்திருக்கும், வெயில் காலத்தில் இடைவெளி விடும். வெயில் காலத்தில் இறுக்கமாகப் பொருத்தினால் நவம்பரில் திறக்காது. ஆசாரியிடம் சொல்லி வெயில் காலத்தில் பொருத்தி, சுற்றிலும் 3 மி.மீ. விட்டுவிடுங்கள்.

வாரக் கணக்கு

சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில் மேஸ்திரியோடு பத்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த வாரம் யார் யார் வருவார்கள், பெயர் சொல்லி. அதற்கடுத்த வாரத்துக்கு என்ன சரக்கு குறைகிறது, எந்த வண்டியிடம் சொல்லியாயிற்று. மூன்றாவது வாரத்துக்கு எந்த வாடகைச் சாமான் பிடிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் பேசினால் யாருக்கும் நினைவில் நிற்காது. செய்த அளவையும் எழுதுங்கள்: இத்தனை பிளாக், இத்தனை சதுர அடி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் உங்கள் கொத்தனார் நாளுக்கு 100 வைக்கிறாரா 80 வைக்கிறாரா என்று தெரியும். 80 என்றால் மீதி அட்டவணை முழுவதையும் 80 வைத்துத் திருப்பிப் போடுங்கள். அடுத்த வாரம் ஈடுகட்டிவிடுகிறேன் என்று அவர் சொல்வார், அந்த வாக்கைத் தேதியாக எழுதாதீர்கள்.

முன்பணம் ஒரு வாரக் கூலிக்கு மேல் போகவேண்டாம். ஊருக்குப் போகும்போது கொஞ்சம் பாக்கி நம்மிடம் இருப்பதில் இரு பக்கமும் வருத்தமில்லை. திரும்பி வந்த அன்றே அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும், இழுத்தடித்தால் அடுத்த முறை அந்த செட் வராது. ஊருக்குப் போனவர்கள் ரயில் ஏறிவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே டிப்பருக்கும் கான்கிரீட் செட்டுக்கும் தேதி சொல்லுங்கள்.